மண்டபச் சுவரில் ஒலிப்பெட்டி: பாரம் தாங்கும் முறை

தோட்டப்புறங்களில் ஒரே அறை பல வேலைகளுக்குப் பயன்படுவது நாம் அறிந்ததே. காலையில் அது பாலர் வகுப்பு. பிற்பகலில் மாதர் தையல் பழகும் இடம். வெள்ளிக்கிழமை மாலையில் தேவார வகுப்பு. மாதத்தில் ஒருநாள் தொழிற்சங்கக் கிளையின் கூட்டம். இடையே ஒரு பிறந்தநாள் விருந்து வந்தாலும் அதே அறைதான். அறையின் அளவோ பதின்மூன்றடிக்கு இருபதடியைத் தாண்டுவதில்லை. இத்தகைய அறைக்குள் இளைஞர் மன்றத்தினர் இரண்டு பெரிய ஒலிப்பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, அவற்றை எங்கே வைப்பது என்னும் கேள்வி எழுகிறது.

1970, 1980ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட மரத்தாலான ஹைஃபை ஒலிப்பெட்டிகள் இன்றும் பழைய பொருட்கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் ஒலி நயம் குறித்து நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி பொருத்திய பெட்டி ஒன்று 15 முதல் 25 கிலோகிராம் வரை எடையுள்ளது. அதைத் தரையில் வைத்தால் இடத்தை அடைக்கிறது, குழந்தைகள் ஏறி விளையாடுகின்றனர், கூட்டும்போது நீர் படுகிறது. மேசைமீது வைத்தால் யாரேனும் கம்பியில் தடுக்கி இழுத்துவிடுவர். ஆகவே, சுவரில் உயர்த்தி மாட்டிவிடலாம் என்ற யோசனை இயல்பாக எழுகிறது. அது நல்ல யோசனையே. ஆயினும், மாட்டப்பட்ட பெட்டியின் கீழேதான் மறுநாள் காலையில் நம் பிள்ளைகள் பாய்விரித்து அமர்வர் என்பதை மனத்திற்கொண்டே அவ்வேலையில் இறங்குதல் வேண்டும்.

பாரம் எத்திசையில் இழுக்கிறது?

சுவரில் மாட்டிய பெட்டி தன் எடையால் கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பெட்டி சுவரை விட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அது தாங்கியின் மேற்பகுதியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும், கீழ்ப்பகுதியைச் சுவருக்குள் அழுத்தவும் முயல்கிறது. அந்த மேல் திருகாணி உருவிக்கொள்ளும்போதுதான் பெட்டி விழுகிறது. திருகாணி ஒடிந்து விழுவது அரிது.

பால் சேகரிப்போருக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் வேண்டா. நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்து நடப்பது எளிது. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துச் சிறிது நேரம் நின்றால் தோள் கழன்றுவிடும்போல் ஆகிறது. வாளியின் எடை மாறவில்லை, உடலுக்கும் வாளிக்கும் உள்ள தூரமே மாறிற்று. சுவரின் நிலையும் நம் தோளின் நிலைதான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். பெட்டியின் எடை 20 கிலோகிராம் என்றும், அதன் பாரம் மையங்கொள்ளும் இடம் சுவரிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதென்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 500 வருகிறது. தாங்கியின் மேல் திருகாணிக்கும் அதன் தகட்டின் அடிவிளிம்புக்கும் உள்ள உயரம் 10 சென்டிமீட்டர் மட்டுமேயானால், 500ஐப் பத்தால் வகுக்க, 50 கிலோகிராம் விசை அந்த மேல் திருகாணியை வெளியே இழுக்கிறது. அதாவது பெட்டியின் எடையைவிட இரண்டரை மடங்கு. அதே தாங்கியின் தகடு 25 சென்டிமீட்டர் உயரமுள்ளதாக இருந்தால் இழுவிசை 20 கிலோகிராமாகக் குறைந்துவிடுகிறது. மேலே ஒரு திருகாணிக்குப் பதில் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு இருப்பின், ஒவ்வொன்றும் பாதியை ஏற்கும். ஆகவே குட்டைத் தகடுள்ள அழகிய தாங்கியை விட, நெடிய தகடுள்ள சாதாரண இரும்புத் தாங்கியே நமக்கு உற்றது. கடையில் தாங்கி வாங்கச் செல்வோர் வண்ணத்தைப் பாராமல் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் எடையைக் கண்டறிவது கடினமன்று. பால் நிறுக்கும் தராசு உள்ள இடத்தில் அனுமதி பெற்று நிறுத்துக்கொள்ளலாம். பாரம் மையங்கொள்ளும் இடத்தை அறிய, தரையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கிடத்தி அதன்மேல் பெட்டியை வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். பெட்டி எப்பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு இடுக. அந்தக் கோடு பெரும்பாலும் பெட்டியின் நடுவில் இராமல் முன்புறம் தள்ளியே இருக்கும். ஒலிபெருக்கியின் கனத்த காந்தம் முன்பலகையோடு சேர்ந்திருப்பதே அதற்குக் காரணம். பெட்டியின் முதுகிலிருந்து அக்கோடு வரையுள்ள தூரத்தோடு, தாங்கி பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் தூரத்தையும் கூட்டினால் மேற்கண்ட கணக்குக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

இவ்வாறு வந்த இழுவிசையைப் போல் ஐந்து மடங்கைத் தாங்கக்கூடிய பிடிப்பு இருந்தால்தான் வேலையைத் தொடங்கலாம். ஐந்து மடங்கு எதற்கு என்று சிலர் கேட்பர். மேலே துணி கட்டுவதற்காக ஒருவர் ஏறி அப்பெட்டியையே கைப்பிடியாகப் பற்றக்கூடும். பந்து வந்து மோதக்கூடும். தாழ்ந்த சுருதி ஒலிக்கும்போதெல்லாம் பெட்டி நொடிக்கு ஐம்பது அறுபது முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. நாள் செல்லச் செல்ல இரும்பு துருப்பிடிக்கிறது. தலைக்குமேல் தொங்கும் பொருளுக்கு இந்தச் சலுகையை நாம் கொடுத்தேயாக வேண்டும்.

சுவரை அறிதல்

பால் வெட்டும் கைக்குப் பட்டையின் கனம் தெரியும். எவ்வளவு ஆழம் உளி செல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணைவிடக் கையே முதலில் உணர்கிறது. சுவரிலும் ஒரு பட்டை உண்டு. அதுதான் மேற்பூச்சு. ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கனமுள்ள அந்தச் சிமெண்டுப் பூச்சு, படம் மாட்டத் தகும், பாரம் மாட்டத் தகாது. பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் திருகாணி, பூச்சோடு சேர்ந்தே ஒருநாள் கழன்று வரும். ஆகையால் திருகாணியின் நீளத்தைக் கணக்கிடும்போது பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டு, அதற்கு உள்ளேயுள்ள செங்கல்லில் குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது நலம். கணீரென்று கெட்டியான ஓசை வந்தால் பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கிறது. தொப்பென்று வெற்றோசை வந்தால், அங்கே பூச்சு கல்லை விட்டு விலகிவிட்டது என்று பொருள்.

கான்கிரீட் தூண்களுக்கு இடையே செங்கல் அடைத்துக் கட்டப்பட்ட மண்டபமாக இருப்பின், அந்தத் தூண்களையே நாடுவது அறிவுடைமை. கான்கிரீட்டில் விரியும் போல்ட்டு உறுதியாகப் பிடிக்கும். ஆனால் அதே விரியும் போல்ட்டைப் பழைய செங்கல்லிலோ, உள்ளே பொந்துள்ள சிமெண்டுக் கல்லிலோ இறக்கி முடுக்கினால், அது விரியும்போது கல்லையே பிளந்துவிடும். தூணில் துளையிடும்போது விளிம்பை ஒட்டி இடலாகாது. ஓரத்திலிருந்து 10 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். துளைமுனை உள்ளே கம்பியில் முட்டினால் அக்கம்பியைத் துளைக்க முயலாமல் இடத்தை மாற்றிக்கொள்க.

செங்கற்சுவரில் துளை கல்லின் நடுவே விழ வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள சாந்தில் விழலாகாது. துளைமுனையிலிருந்து வரும் தூளே இதைக் காட்டிவிடும். சிவந்த தூள் வந்தால் கல். சாம்பல் நிறத்தில் மணல் போல் உதிர்ந்துகொண்டேயிருந்தால் சாந்து. துளையிட்டபின் உள்ளே தங்கிய தூளை ஊதி வெளியேற்றுதல் மிக அவசியம். சிறு ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதலாம். தூள் நிறைந்த துளையில் பிளாஸ்டிக் செருகி நன்றாக உட்கார்ந்ததுபோல் தோன்றும், ஆனால் பிடிக்காது. துளையின் அகலமும் செருகியின் அகலமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் அங்கே சிம்பு திணிக்காமல் வேறிடம் பார்ப்பதே முறை.

நான்கரை அங்குலம் மட்டுமே கனமுள்ள ஒற்றைக்கல் சுவரும், பொந்துக்கல் சுவரும் தோட்டக் கட்டடங்களில் நிறைய உள்ளன. இவற்றிற்கு நாம் பரிந்துரைப்பது ஊடுருவும் போல்ட்டு. சுவரின் மறுபக்கம் வரை துளையிட்டு, 10 மில்லிமீட்டர் போல்ட்டை முழுவதும் கடத்தி, அப்பக்கத்தில் உள்ளங்கை அகலமுள்ள இரும்புத் தகட்டைக் கொடுத்து நட்டு இட்டு முடுக்க வேண்டும். அப்போது பிடிப்பு ஒரு சிறு துளையை நம்பி இராமல், சுவரின் முழுக் கனத்தையும் பற்றிக்கொள்கிறது. மறுபக்கத்தில் தகடு தெரிவது அழகன்று என்போர் அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளலாம். பொந்துக்கல்லில் துளையிடும்போது கருவியின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டும் துளையிட வேண்டும். இன்றேல் கல்லின் மெல்லிய உட்சுவர் நொறுங்கிவிடும்.

பலகைச் சுவரைப் பற்றித் தனியே கூறவேண்டும். பழைய லயங்களிலும் சில மண்டபங்களிலும் கீழ்ப்பாதி கல்லும் மேற்பாதி பலகையுமாக இருப்பதைக் காண்கிறோம். அந்தப் பலகை மழையையும் காற்றையும் மறைப்பதற்காக அமைந்தது. பெட்டி மாட்டுவதற்காக அமைந்ததன்று. பலகையில் எத்தனை திருகாணி அடித்தாலும் பயனில்லை. பலகைக்குப் பின்னால் அதனைத் தாங்கி நிற்கும் நெடுஞ்சட்டங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பலகையை அறைந்திருக்கும் ஆணிகளின் வரிசை சட்டம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே, இரண்டங்குலக் கனமும் ஆறங்குல அகலமும் உள்ள கெட்டி மரத்தைக் கிடத்தி, போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். நெடிய தகட்டின் அடிவிளிம்பு ஊன்றுவதற்குக் கீழே இன்னொரு குறுக்குமரமும் தேவைப்படும். இந்த இரு மரங்களின்மேல்தான் தாங்கி அமைய வேண்டும்.

அதற்கு முன் சட்டங்களைச் சோதிக்காமல் விடலாகாது. திருகாணி முடுக்கும் கருவியின் கூர்முனையால் அடிப்பகுதியிலும், மழைநீர் வடியும் இடங்களிலும் குத்திப் பார்க்க வேண்டும். கரையான் உண்ட மரம் வெளித்தோற்றத்தில் வண்ணப்பூச்சோடு நேராகவே நிற்கும், உள்ளே காகிதம்போல் இருக்கும். குறுக்குமரத்திற்குச் செங்கால் கிடைத்தால் மிக நன்று. அது கிடைக்காவிடில் கெம்பாஸ் போன்ற வேறொரு கெட்டி மரத்தை மருந்தூட்டியதாகப் பார்த்து வாங்கலாம். அருகிலேயே கிடைக்கிறதே என்று வெட்டிப்போட்ட ரப்பர் மரத்தை அறுத்துப் பயன்படுத்தலாகாது. ரப்பர் மரம் மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்றது உண்மையே. ஆனால் மருந்தூட்டி உலர்த்திய பிறகே அது அப்பெருமைக்கு உரியதாகிறது. மருந்தூட்டாத ரப்பர் மரம் மாவுச்சத்து மிகுந்தது. பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் அதை விரைவில் நாடிவிடும்.

இன்னொரு வகைச் சுவரை நாம் தொடவே கூடாது. பழைய கட்டடங்களில் தடுப்பாகவும் கூரையடித் தட்டாகவும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சாம்பல்நிறச் சிமெண்டுத் தகடுகளைப் பொருத்தியிருப்பர். அவை அசையாமல் கிடக்கும்வரை பெரிய கேடில்லை. துளையிட்டாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து, நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக் கொடிய நோயாக வெளிப்படுகின்றன. அத்தகைய தகடு என்ற ஐயம் எழுந்தாலே போதும், துளைக்கருவியை உறைக்குள் வைத்துவிட வேண்டும். மேலும், பாரம் தாங்கும் வலு அந்தத் தகட்டுக்குக் கிடையவே கிடையாது.

ஆக, சில அறைகளில் பெட்டி மாட்டத் தக்க சுவரே இல்லாமற் போகலாம். அப்போது அகன்ற அடிப்பாகமுள்ள மரப்பீடம் ஒன்றைச் செய்து, மூலையில் நிறுத்தி, பீடத்தைத் தரையோடு இறுக்கிவிடுவதே வழி. அல்லது, பெரிய பெட்டிகளை மன்றத்தின் திருவிழாக்காலத்துக்கென ஒதுக்கிவிட்டு, ஐந்து கிலோகிராமுக்கு மேற்படாத சிறு பெட்டிகளை அறைக்கு வாங்கலாம். பதின்மூன்றடி அறைக்குச் சிறு பெட்டியே தாராளம் என்பது நம் கருத்து. இதைச் சொன்னால் இளைஞர்கள் நம்மோடு வழக்காடுவர் என்பதையும் அறிவோம்.

பெட்டியின் பலவீனம்

சுவர் உறுதியாயிருந்து பெட்டி உறுதியற்றிருந்தால் என்ன பயன்? பழைய ஒலிப்பெட்டிகள் பெரும்பாலானவை தரையிலோ தட்டிலோ வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் பலகை, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்தது. ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்தப் பலகை ஊதிப் பொருபொருத்துவிடும். பெட்டியின் முதுகில் நான்கு திருகாணிகளை அடித்துத் தாங்கியில் கொளுவிவிட்டால், சுவரில் உள்ளவை அப்படியே இருக்க, பெட்டியிலிருந்து திருகாணிகள் தூளோடு பிடுங்கிக்கொண்டு வரும். தயாரித்தவர்களே இரும்புமரை பதித்து, மாட்டுவதற்கென இடம் விட்டிருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அப்படி இல்லாத பெட்டியைத் தொங்கவிடாமல், தொட்டில் போன்ற சட்டத்தில் உட்கார வைக்க வேண்டும்.

தோட்டத்துப் பட்டறையில் கோண இரும்பைக் கொண்டு இத்தொட்டிலைச் செய்து தர வல்லவர்கள் உள்ளனர். சுவரோடு ஒட்டிய நெடுஞ்சட்டம், அதிலிருந்து முன்னே நீளும் படுசட்டம், இரண்டையும் இணைக்கும் சாய்ந்த முட்டு என மூன்றும் சேர்ந்து முக்கோணமாக அமைய வேண்டும். முக்கோணம் வளையாது. படுசட்டத்தின் முன்விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் மேல்நோக்கி நின்றால் பெட்டி நழுவாது. பெட்டியையும் தொட்டிலையும் சேர்த்து இரண்டு இரும்புப் பட்டைகளால் சுற்றி இறுக்குக. ஈரக்காற்றைக் கருதி, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளையும் வாஷர்களையும் வாங்குவது நன்று. பலகை அட்டைக்கென விற்கும் மெல்லிய கறுப்புத் திருகாணிகள் முறியும் தன்மையுள்ளவை. அவை இவ்வேலைக்கு ஆகா. அதிர்வினால் நட்டு தளர்வதைத் தடுக்கச் சுருள் வாஷரும், அதன்மேல் இன்னொரு நட்டும் இட்டு இறுக்க வேண்டும்.

இங்கே நம் சொந்தச் சரக்காகிய ரப்பரும் உதவிக்கு வருகிறது. தொட்டிலுக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு மூலைகளிலும் ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர்த் துண்டுகளை வைத்தால், பெட்டியின் அதிர்வு சுவருக்குச் செல்வது குறைகிறது. சுவரின் மறுபக்கம் உள்ள வீட்டாருக்கும் நிம்மதி. இது எளிய தந்திரம்போல் தோன்றினாலும், இதன் தத்துவம் பெரிய கட்டடங்களையே தாங்கி நிற்கிறது. லண்டன் மாநகரில் பாதாள ரயில் நிலையத்தின்மேல் 1966ஆம் ஆண்டில் எழுந்த அல்பானி கோர்ட் என்னும் அடுக்குமாடி வீடு, ரயிலின் அதிர்வு ஏறாதபடி இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலத்தின் அடியிலும் நிலநடுக்கத்தின் ஆட்டத்தைத் தணிக்க இயற்கை ரப்பர்த் தாங்கிகள் உள்ளன. மங்கில் வடியும் பாலுக்கு இப்படியும் ஒரு பயன்!

ஆனால் அந்த ரப்பர்த் துண்டைத் தாங்கியின் தகட்டுக்கும் சுவருக்கும் இடையே வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. தகடு சுவரோடு இறுகப் படிந்திருக்க வேண்டும். இடையில் மெத்தென்ற பொருள் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, முடுக்கிய திருகாணி தானே தளர்ந்துவிடும்.

எத்துணை உறுதியாகச் செய்தாலும் இரண்டாவது பிடி ஒன்று தனியே இருந்தாக வேண்டும். இதுபற்றி நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். நான்கு மில்லிமீட்டர் இரும்புக் கம்பிவடத்தைப் பெட்டியையும் தொட்டிலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு வந்து, தாங்கியைப் பிடித்திருக்கும் துளைகளோடு தொடர்பில்லாத வேறொரு வலுவான இடத்தில், உத்திரத்திலோ தூணிலோ, கட்ட வேண்டும். தாங்கி கைவிட்டாலும் பெட்டி தரைக்கு வராமல் அந்த வடத்தில் நிற்கும். வடம் விறைப்பாக இராமலும் அதிகம் தொங்காமலும், இரண்டு விரல் தளர்வோடு இருந்தால் போதும். தொங்கல் அதிகமானால் விழும் வேகத்தில் வடமே அறுந்துவிடும். வடத்தின் நுனியை மடித்து மூன்று கவ்விகளால் இறுக்கும்போது, கவ்வியின் தட்டையான சேணம் பாரம் தாங்கும் நீள்வடத்தின் மீதும், வளைந்த கம்பி மடித்துவிட்ட குட்டை நுனியின் மீதும் அமைய வேண்டும். நைலான் கயிறும், துணி காயவைக்கும் கம்பியும் இதற்கு உதவா. பாட்டு ஒலிக்கும் மின்கம்பி ஒருபோதும் பாரத்தைத் தாங்கும்படி இருத்தல் ஆகாது.

மாட்டும் நாளில்

சுவர் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. ஆகவே அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறுவது முதல் வேலை. அங்கே கட்டடத்தின் வரைபடம் இருந்தால் நமக்கு நன்மையே. விசைக்கும் மின்பிளக்குக்கும் செல்லும் கம்பிகள் சுவருக்குள்ளே பெரும்பாலும் நேர் மேலாகவோ நேர் பக்கவாட்டாகவோ ஓடுகின்றன. எனவே அவற்றின் நேர்க்கோட்டில் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். ஐயமிருந்தால் அந்த அறைக்கு வரும் மின்சாரத்தை முதன்மைப் பெட்டியில் நிறுத்திவிட்டு, துளைக்கருவிக்கு மின்சாரத்தை வேறு அறையிலிருந்து நீள்கம்பியில் கொண்டுவரலாம். புதிய மின்பிளக்கு வேண்டுமாயின், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர் செய்யட்டும். 230 வோல்ட்டு மின்சாரத்தோடு பழகிப் பார்ப்பது நம் வேலையன்று.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சிந்தனை வேண்டும். வாசற்படிக்கு மேலும், குழந்தைகள் உறங்கும் மூலைக்கு மேலும் மாட்டலாகாது. பெட்டியின் அடி தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருந்தால் யாரும் தலையை இடித்துக்கொள்ள மாட்டார்கள். மூலையை ஒட்டி மாட்டினால் தாழ்ந்த ஒலி பெருகி, கும்மென்று முழங்கி, பேச்சின் சொற்கள் விளங்காமற் போகும். கூட்டத்தில் செயலாளர் வாசிக்கும் கணக்கு எவருக்கும் புரியாததற்குக் கணக்கே காரணம் என்று எப்போதும் கொள்ள வேண்டியதில்லை! மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, அறையின் குறுகிய சுவரில் இரண்டு பெட்டிகளையும் மாட்டி, அமர்ந்திருப்போரின் காதை நோக்கிச் சற்றே கீழ்ச்சாய்வாக நிறுத்தினால் தெளிவு கிடைக்கும். அந்தச் சாய்வைத் தாங்கியிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கட்டை செருகிச் சாய்க்கக் கூடாது.

தாங்கியைப் பொருத்தியதும் பெட்டியை ஏற்றிவிட அவசரப்படலாகாது. முதலில் பெட்டியின் எடையைப் போல் இரண்டு மடங்கு மணலைச் சாக்கில் கட்டி, பெட்டியின் பாரம் விழும் அதே இடத்தில் வைத்து, ஓர் இரவு முழுவதும் அறையைப் பூட்டி வைக்க வேண்டும். 20 கிலோகிராம் பெட்டிக்கு 40 கிலோகிராம் மணல். வைப்பதற்கு முன் தகட்டைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று வரைந்துகொள்க. மறுநாள் காலையில் கோட்டுக்கும் தகட்டுக்கும் இடையே வெள்ளை தெரிந்தாலும், தகட்டின் மேல்விளிம்பில் ஒரு காகிதத் துண்டு நுழைந்தாலும், அந்தப் பிடிப்பு தேறவில்லை. தேறியிருந்தால் மட்டும் மணலை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றலாம். ஏற்றும்போது இருவர் தூக்க, மூன்றாமவர் பட்டையை முடுக்க வேண்டும். கீழே பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க இடங்கொடுக்கலாகாது. இடியும் மின்னலும் வரும் வேளைகளில் ஆம்பிளிஃபையரின் மின்பிளக்கைக் கழற்றிவிடுமாறு அறையைப் பயன்படுத்தும் எல்லாப் பிரிவினருக்கும் சொல்லி வைப்பது நலம்.

பென்சில் கோட்டை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும். மாட்டிய முதல் வாரத்தின் முடிவில் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும், தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா போன்று ஒலி ஓங்கிய நாட்களுக்கு மறுநாளும் ஒருவர் ஏணியில் ஏறி அக்கோட்டைப் பார்த்து, நட்டுகளைக் கையால் அசைத்து, வடத்தில் துருவோ நைந்த இழையோ உண்டா எனத் தடவிப் பார்க்க வேண்டும். ரப்பர்த் துண்டுகள் வெடித்துக் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றிவிடலாம். பார்த்த நாளையும் பார்த்தவர் பெயரையும் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் அறையிலேயே தொங்கட்டும். பாலர் வகுப்பு ஆசிரியையும் அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை உடையவரே.

தகடு கோட்டை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அன்றைக்கே பெட்டியை இறக்கிவிட வேண்டும். விருந்து முடியட்டும், கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தளர்ந்த துளையில் தீக்குச்சியையும் காகிதத்தையும் திணித்து, அதே திருகாணியை மீண்டும் முடுக்குவது பல இடங்களில் நடக்கிறது. அது இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாள் விடும். பழைய துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, அதிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, தட்டிப் பார்த்துக் கெட்டியென்று கண்ட இடத்தில் புதிய துளை இட்டு, மணல் மூட்டையை மறுபடியும் ஓர் இரவு ஏற்றி வைக்க வேண்டும்.